போர்டு இல்லாத செடி

1. காலையில் வந்த போன்

"மேடம், ஜல்தியா வாங்க. ராக் கார்டன்ல என்னவோ செத்துக் கெடக்குது. கஸ்டமருங்க எல்லாம் மூக்கப் புடிச்சிக்கினு எழுந்து போறாங்க."

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருந்த ஓர் ஓட்டலின் மேலாளர் தயாளன்தான் பேசினார். நான் விழுப்புரத்தில் என் வீட்டுக் குழாயடியில் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். செத்த எலியை எடுத்துப் போட முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஆள்தான் வேண்டுமா என்று கேட்க வாய் வந்தது. வாயில் நுரை இருந்ததால் தயாளன் பிழைத்தார்.

ஓட்டல், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் போன்ற இடங்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். இப்போது அதை மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் உரம் கேட்கிறார்கள், சொட்டுநீர் கேட்கிறார்கள், லான் ஏன் மஞ்சளாகிறது என்று கேட்கிறார்கள். பேர் தெரியாத ஒரு செடி எதிரில் நின்றால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அந்த ராக் கார்டன் என் கையால் போட்டது. சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே சரிவாக மண் மேடு, அதில் பாறைகள், நடுநடுவே கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, குண்டுக் கேக்டஸ். எங்கள் தொழிலில் குவாரிக் கல்லை ராக் கார்டனுக்கு வைக்க மாட்டோம். அது வெட்டின முகத்தோடு பளபளவென்று இருக்கும், கல்லறை மாதிரி ஆகிவிடும். வயலில் கிடந்து வெயிலும் மழையும் தின்று பாசி ஏறின கல்தான் வேண்டும். விவசாயிகளுக்கு அந்தக் கல் தொல்லை, எங்களுக்கு அது மூலதனம். நான் செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்தில் ஒருவருடைய புன்செய்க் கொல்லையிலிருந்து, இடுக்கில் இருந்த மண்ணோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தேன். அந்த மண் முக்கியம், பின்னால் வருகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஓட்டல் ஆட்கள் பாதிப் பாறையைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். எலி இல்லை, பெருச்சாளி இல்லை, ஒரு ஓணான்கூட இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஆளை விரட்டுகிற நாற்றம். ஐப்பசி மழை விட்டு வெயில் வந்திருந்தது, அது வேறு கிளப்பிவிட்டது.

2. மீன் அமிலம்

தயாளன் என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. முதலாளிக்கும் கஸ்டமருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கி வாழ்கிறவர்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது எலி கிலி இல்ல. மீனு. உங்க ஆளு அந்த அஞ்சலை இருக்குதே, அது என்னவோ மீன ஊற வெச்சி செடிக்கு ஊத்துதில்ல, அதுதான்."

அஞ்சலை எங்கள் ஆள். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவள் தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து இந்த ஓட்டல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு போட்டு மூடி வைத்தால் கிடைக்கிற மீன் அமிலத்தை நாங்கள் பல தோட்டங்களில் தெளிக்கிறோம். சரியாக ஊறின மீன் அமிலம் நாறாது, அதில் பழ வாடை வரும். அப்படியிருந்தும் சாப்பாட்டு ஜன்னல் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

"நான் இங்க ஊத்தவே இல்லக்கா," என்றாள் அஞ்சலை. "பின்னால கொய்யாவுக்கு மட்டுந்தான் ஊத்தினேன். என் புள்ளைங்க மேல சத்தியம்."

தயாளன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "அவங்களுக்கு மீன் வாட பழகிப் போயிருக்கும் மேடம். அவங்களுக்கே தெரியாது. துணியிலயே இருக்கும்."

என் காது சூடாகிவிட்டது. தினமும் காலையில் குளித்து, தலைக்குப் பூ வைத்து வருகிற பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்துவிட்டார்.

"அமாவாசை வருது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற வண்டி எல்லாம் இங்கதான் நிக்கும். அன்னைக்கு முதலாளி வேற வர்றாரு. அதுக்குள்ள வேற ஆள அனுப்புங்க. உங்க கான்ட்ராக்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் கேரன்ட்டி. அந்தம்மா மட்டும் நாளையில இருந்து வேணாம்."

எனக்கு எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். அஞ்சலையை வளவனூரில் நாங்கள் பார்க்கிற மண்டபத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவளிடம் அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"வளவனூரு என்னக்கா, காஞ்சிபுரத்துக்கே அனுப்புங்க, போறேன்," என்றாள். "ஆனா இப்ப போனா மீன் நாத்தத்துக்காக தொரத்துனாங்கன்னு ஆயிடும். இங்க சமையக்கட்டுல இருக்கிறவங்க எல்லாம் என் பஸ்ஸுலதான் வர்றாங்க. எந்த மூஞ்ச வெச்சிக்கினு அந்த பஸ்ஸுல ஏறுவேன்?"

சரிதான். அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் இந்த ஓட்டலை விடப்போவதில்லை.

3. மூக்கை வைத்த இடம்

எல்லாரும் நாற்றத்தைப் பாறைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஈக்களைப் பார்த்தேன். பச்சை ஈ, பெரிய ஈ, செத்ததில் மொய்க்கிற ஜாதி. நாம் பொய் சொல்வோம், ஈ சொல்லாது. அவை பாறைக்கு அடியில் போகவில்லை. மேல் பாறையின் இடுக்கில் நின்ற ஒரு செடியின் மேல் போய் உட்கார்ந்தன.

விரல் தடிமன், நாலு பட்டை, இலை கிடையாது, முள் கிடையாது, சாம்பல் பச்சை. உச்சியில் பந்து போல ஒரு பூங்கொத்து. கருஞ்சிவப்பில் மஞ்சள் கோடு போட்ட ஐந்து முனைப் பூக்கள். நல்ல அழகு. குனிந்து மூக்கை வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

"இந்தச் செடிய எப்ப வெச்ச?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"நான் எங்க வெச்சேன்? நீங்க வெச்சதுன்னுதானே களை எடுக்கிறப்ப வுட்டு வெச்சேன்!"

நானோ, அவள் எங்கிருந்தோ ஒரு துண்டு கொண்டுவந்து நட்டிருக்கிறாள், நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவைத்திருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. போர்டு இல்லாத செடி களை, பிடுங்கு. அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் போர்டு இருந்தது, முதலாளியின் ஆசை அது. இது ஒன்றுக்குத்தான் இல்லை. கேக்டஸ் கூட்டத்தில் கேக்டஸ் மாதிரியே நின்றதால் இரண்டு பேரும் அடுத்தவர் வேலை என்று நினைத்து மரியாதையாகத் தண்ணீர் காட்டியிருக்கிறோம்.

தயாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்கில் வைத்திருந்த கர்ச்சீப்பை எடுக்காமலே சிரித்தார்.

"பூ நாறுமா மேடம்? உங்க ஆள காப்பாத்தணும், அது எனக்குப் புரியுது. அதுக்குன்னு இப்படியா? அது மேல மீனு தண்ணிய ஊத்தியிருக்கும், அதான் ஈ மொய்க்குது. சரி, இது என்ன செடி? பேர் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.

"நீங்க வெச்ச தோட்டத்துல உங்களுக்கே பேர் தெரியாத செடி மேல பழியப் போட்டா நான் எப்படி நம்புறது?"

அந்தக் கேள்வி நியாயமானது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அமாவாசைக்குள் பேரோடு வருகிறேன், அதுவரைக்கும் வேறு ஆளை அனுப்ப மாட்டேன், நீங்களும் அந்தச் செடியைத் தொடக்கூடாது என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அதுவரை அஞ்சலை உள்ளே வரக்கூடாது என்று அவரும் ஒரு கண்டிஷன் போட்டார். அவள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள்.

4. ஆப்பிரிக்காவா, அனந்தபுரமா

முதலில் விழுப்புரத்தில் எங்களுக்கு சக்குலன்ட், அதாவது சதைப்பற்றுள்ள செடிகள், சப்ளை செய்கிற நர்சரிக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன்.

"இம்போர்ட்டட் மேடம். ஆப்பிரிக்கா ஐட்டம்."

"பேரு?"

"ஸ்டார் கேக்டஸ்னு போட்டுடுங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

இதுதான் எங்கள் தொழிலைக் கெடுத்த வியாதி. பேர் தெரியாவிட்டால் ஒரு நாட்டின் பேரை முன்னால் ஒட்டிவிடுவது. தோட்டக்கலையில் பாதி மெக்சிகோ இப்படித்தான் பிறந்தது. போனில் செடியின் பேர் சொல்கிற ஆப் ஒன்றை மகள் போட்டுக் கொடுத்தாள். பக்கவாட்டில் எடுத்த படத்துக்கு ஒரு பேர் சொன்னது, மேலிருந்து எடுத்ததற்கு வேறு பேர் சொன்னது. என் கட்டைவிரல் குறுக்கே விழுந்த படத்துக்கும் ஒரு பேர் சொன்னது.

ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். சதுரக்கள்ளி மாதிரிக் கள்ளியாக இருந்தால் பால் வடியும். இதில் வெறும் தண்ணீர்தான் கசிந்தது. ஆகவே கள்ளி இல்லை. முள் இல்லை, முள் இருந்த தழும்பும் இல்லை. ஆகவே கேக்டஸும் இல்லை. அது எது இல்லை என்பது தெரிந்தது. நான் வைக்கவில்லை, அஞ்சலை வைக்கவில்லை, அப்படியானால் எப்படி வந்தது? ராத்திரி சோறு பிசையும்போதுதான் உறைத்தது. கல்லோடு வந்திருக்கிறது. இடுக்கில் இருந்த மண்ணோடு.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் போனேன். கல் கொடுத்த ஏழுமலை கொல்லையில் வேர்க்கடலைக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைக்கு, ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா! கல்லு பத்தலையா? இன்னும் எடுத்துக்கினு போங்க, எனக்கு ஏரு ஓட்ட தோதா இருக்கும்."

"கல்லு வேணாம் அண்ணே. இந்தச் செடி உங்க கொல்லையில இருக்குதா?"

போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுவா? தோ, அந்தப் பாற சந்துல கெடக்குது பாரு. பூத்துச்சின்னா ஒரே பேஜாரு. ஒரு வாட்டி நாய்தான் செத்துக் கெடக்குதுன்னு மண்வெட்டி எடுத்துக்கினு பொதைக்கப் போயிட்டேன். சுத்திச் சுத்தி வர்றேன், நாயே இல்ல!"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, ஒரு மீன் முள்கூட விழாத கொல்லையில் அதே நாற்றம்!

"பேரு என்ன அண்ணே?"

"பேரு யாருக்குத் தெரியும்? நாங்க தொவையல் அரைக்கிறது கள்ளிமுளையான். அது மெலிசா இருக்கும், நாறாது. இது தடியன். இதுக்குப் பேரு வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன், எனக்கு மல்லாட்ட வேல கெடக்குது."

பாறை இடுக்கில் இரண்டு கொத்து பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு கொத்து இன்னும் மொட்டாகவே இருந்தது. மொட்டோடு இருந்ததை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்தேன். பூத்ததில் கொஞ்சம் நறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு இறுக மூடினேன். அந்த டிபன் பாக்ஸை அதற்குப் பிறகு யாரும் சாப்பாட்டுக்கு எடுக்கவில்லை.

5. எருக்கம்பூவுக்குச் சொந்தம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் பேராசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். போனில் படம் அனுப்பினேன்.

"போட்டோ பாத்து நான் பேர் சொல்ல மாட்டேன் விஜயா. பூவைக் கொண்டு வாங்க."

டிபன் பாக்ஸோடு போனேன். ஆசிரியர் அறையில் மூடியைத் திறந்ததும் அங்கே இருந்த மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வகுப்பு இருப்பது நினைவுக்கு வந்து எழுந்து போனார்கள். இந்த அம்மாள் மட்டும் லென்ஸை எடுத்துக்கொண்டு பூவுக்குள் தலையை விட்டார். தொழில் பக்தி என்றால் அது.

"இதப் பாருங்க. நடுவுல கிரீடம் மாதிரி இருக்குதில்ல? இத வேற எந்தப் பூவுல பாத்திருக்கீங்க?"

லென்ஸில் கண்ணை வைத்தேன். பார்த்திருக்கிறேன். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். "எருக்கம்பூ!"

"அதே குடும்பம். மகரந்தம் தூளா இருக்காது, பொட்டலமா இருக்கும். அத ஈ தூக்கிட்டுப் போகணும். தேனீக்கு மணம் வேணும், ஈக்கு அழுகின கறி வாடை வேணும். அதான் இந்த நாத்தம். காய் விட்டா ரெட்டைக் கொம்பா வரும், உள்ள பஞ்சு இருக்கும், எருக்கு மாதிரியே. நீங்க தொவையல் அரைக்கிற கள்ளிமுளையானுக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன்."

அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தில் தண்டின் பட்டை, பூவின் கோடு, கொத்தின் அமைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் அவசரப்படுத்தியும் அசையவில்லை. கடைசியில் சொன்னார்: கரலூமா அம்பெல்லாட்டா. நம் ஊர்ப் பாறைச் செடி. ஆப்பிரிக்காவும் இல்லை, மெக்சிகோவும் இல்லை.

6. மேலாளர் அறை

பேரோடு போய் நின்றேன். தயாளன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பேரு சரி மேடம். புக்குல நாறும்னு போட்டிருக்கலாம். இங்க நாறுறது அந்தம்மா ஊத்துனதுதான். மண்ணுல ஊறிப் போச்சு, அதான் ஆளு வராத போதும் நாறுது."

அதற்குப் பதிலைத் தொட்டியில் வைத்திருந்தேன். ஸ்கூட்டரிலிருந்து எடுத்துவந்து அவர் மேஜை மேல் வைத்தேன்.

"இது உங்க தோட்டத்துச் செடி இல்ல சார். அனந்தபுரத்துல இருந்து நானே மண்ணோட எடுத்து வந்தது. அஞ்சலை இதக் கண்ணாலயும் பாக்கல. மோந்து பாருங்க."

மோந்தார். மொட்டு, வாடையே இல்லை.

"உங்க ஏசி ரூம்லயே இருக்கட்டும். ஜன்னல் பக்கம் வெயில் படட்டும். சாவி உங்ககிட்டதான் இருக்குது. பூக்கட்டும், அப்புறம் பேசலாம்."

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "வெச்சிட்டுப் போங்க," என்றார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இடம் மாற்றின அதிர்ச்சியில் மொட்டு உதிர்ந்துவிடலாம். அமாவாசைக்குள் விரியாமலே இருந்துவிடலாம். தினமும் தயாளனுக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் இல்ல மேடம், ஊமையா நிக்குது," என்று கேலி செய்தார். அஞ்சலையிடம் பேசினேன். "குப்பத்துல கேக்குறாங்கக்கா. ஏன் வேலைக்குப் போவலன்னு கேக்குறாங்க. ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிக்கினு வூட்டுக்குள்ளயே கெடக்குறேன்," என்று அழுதாள். இவளுக்காகப் பூத்துத் தொலையேன் என்று ஒரு செடியை நான் கெஞ்சியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அமாவாசை காலையில் போன் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"மேடம்... ரூம தொறந்தேன். வாங்க. அந்தம்மாவையும் கூட்டிக்கினு வாங்க."

7. அமாவாசை

திண்டிவனம் பஸ் நிலையத்தில் அஞ்சலை எனக்காகக் காத்திருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். நாங்கள் போனபோது ஓட்டல் வாசலில் மஞ்சள் புடவைக் கூட்டமும் வேன்களும் நின்றன. தயாளன் தன் அறைக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது, தொட்டியில் அந்தக் கருஞ்சிவப்புப் பந்து ஜம்மென்று விரிந்திருந்தது. ஏசி அந்த நாற்றத்தை நன்றாகவே சுற்றவிட்டிருந்தது.

நான் பேச வேண்டியதை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அஞ்சலை என்னை முந்திக்கொண்டாள்.

"சார், உங்க ரூமுக்குள்ள நான் என்னைக்கு வந்தேன்?"

"வரலம்மா."

"அப்ப இது மேல மீனு தண்ணிய யாரு ஊத்தினது?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"இப்ப நாறுறது நானா, பூவா? சொல்லுங்க சார்."

"பூதாம்மா," என்றார் தரையைப் பார்த்து.

"அவங்களுக்குக் கேக்கல சார்." சமையல்கட்டு ஆட்களைக் கையால் காட்டினாள்.

தயாளன் நிமிர்ந்தார். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "பூதான் நாறுது. அஞ்சலை இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்." அந்த அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்தாமல் பேசியதற்காகவே நான் அந்த மனிதரை மன்னித்தேன். அஞ்சலை மன்னித்தாளா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த நிமிஷமே அவர் பழைய மேலாளர் ஆகிவிட்டார். "சரி, தெரிஞ்சி போச்சில்ல. முதலாளி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடலாம்."

"புடுங்காதீங்க சார்," என்றாள் அஞ்சலை. "இத புடுங்கிட்டீங்கன்னா, நாளைக்கு வேற எதுனா நாறுனா மறுபடியும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. இது இங்கயே இருக்கட்டும். இன்னா செடின்னு போர்டு வையுங்க."

போர்டு என்றால் முதலாளிக்குப் பிடிக்கும் என்று தயாளனும் ஒத்துக்கொண்டார். நானும் அவளும் சேர்ந்து சாப்பாட்டு ஜன்னல் பக்கம் இருந்ததைப் பெயர்த்து, தொட்டியில் இருந்ததோடு வண்டி நிறுத்துகிற பக்கத்துக் கடைசிப் பாறையில் நட்டோம். அன்றே ஸ்டிக்கர் கடையில் போர்டு அடித்து வாங்கினேன். மேலே தாவரவியல் பேர். அதற்குக் கீழே, கள்ளிமுளையான் இனம், நம் மாவட்டப் பாறைச் செடி. கடைசி வரி அஞ்சலை சொல்லி எழுதியது: "நாற்றம் இந்தப் பூவினுடையது."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தோட்டத்தில் பேர் தெரியாத செடி இருந்தால் அன்றைக்கே விசாரியுங்கள். வாய்க்கு வந்த பேரை வைக்காதீர்கள், பூவை எடுத்துக்கொண்டு தெரிந்தவரிடம் போங்கள். பேர் இல்லாத ஒன்றின் பழி, பக்கத்தில் நிற்கிற எளிய ஆள் தலையில்தான் முதலில் விழும். அதைத் துடைக்க எவ்வளவு அலைய வேண்டும் என்று பார்த்தீர்கள் அல்லவா.

அன்று சாயங்காலம் மலையனூர் போகிற ஒரு வேன் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கின பெண்கள் முகத்தைச் சுளித்து அக்கம்பக்கம் பார்த்தார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு நாலடி தூரத்தில் அஞ்சலை நின்றிருந்தாள். ஒரு பெண் போர்டை உரக்கப் படித்தாள். எல்லாரும் சிரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டே பூவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அஞ்சலை பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவள் பாட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.